மூன்று சொல், மூன்று தவறு: எல்லைச் சர்ச்சை உள்ள ஊருக்குக் காலவரிசை எழுதப் போகிறவர்களுக்கு

"1956: பெலகாவி கர்நாடகத்துடன் இணைந்தது."

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்காக நான் எழுதிய காலவரிசைத் தாளில் இப்படி ஒரு வரி இருந்தது. கர்நாடகத்தில் இருக்கும், மகாராஷ்டிரம் தனக்கு வேண்டும் என்று கேட்கும் எல்லை ஊர் அது. ஆண்டைக் கழித்துவிட்டால் மூன்றே சொல். மூன்றும் தவறு. அந்த ஆண்டில் ஊரின் அரசாங்கப் பெயர் பெல்காம். கர்நாடகம் என்ற பெயரில் மாநிலமே இல்லை. மைசூர் மாநிலம்தான் இருந்தது, 1973 நவம்பர் 1 அன்றுதான் அது கர்நாடகம் ஆனது. 'இணைந்தது' என்ற மூன்றாவது சொல்லின் தவறை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் சிவாஜிநகரில் தாளை அச்சுக்குக் கோத்துக் கொடுத்த டி.டி.பி. தம்பி.

கானாப்பூர் பக்கத்து மராத்திக் குடும்பம் அவருடையது. பெங்களூரில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டியும் படிப்பார். "அண்ணா, எங்க தாத்தா 'சேர்த்துட்டாங்க'ன்னு சொல்வார். 'சேர்ந்தோம்'னு ஒருநாளும் சொன்னதில்லை" என்றார். அடுத்த வாரம் பைலஹொங்கலைச் சேர்ந்த கன்னட நண்பரிடம் இதைச் சொன்னேன். "எங்க அப்பா 'ஒண்ணானோம்'னுதான் சொல்வார். அன்னிக்கு ஊர்ல இனிப்புக் கொடுத்தாங்களாம்" என்றார் அவர். இரண்டு பேருக்கும் ஒரே மாவட்டம், ஒரே தேதி.

அந்த ஒரு வரியைத் திருத்துவதற்குள் நான் படித்தது நிறைய. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். உதாரணம் எல்லாம் பெளகாவிதான் (ல ஏன் ள ஆனது என்பது கீழே வரும்). முறை எந்த எல்லைச் சர்ச்சைக்கும் பொருந்தும்.

முதலில் எல்லையைக் கட்டுங்கள்

பெளகாவி என்றால் எது? நகரமா, மாவட்டமா, மகாராஷ்டிரம் கேட்கும் ஊர்கள் எல்லாமுமா? கேட்கிற பட்டியலில் கார்வார், நிப்பாணி, பீதர், பால்கியும் வருகின்றன. நகரத்தைப் பற்றி ஒரு வரி, மாவட்டத்தைப் பற்றி ஒரு வரி, கிராமங்களைப் பற்றி ஒரு வரி என்று கலந்து எழுதினால் படிப்பவர் எதை எதோடு ஒப்பிடுவார்? தாளின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "பெளகாவி நகரமும் மாவட்டமும்."

தொடங்கும் ஆண்டும் அப்படித்தான். 1956இல் தொடங்கினால் மராத்தித் தரப்பின் முறையீடுதான் கதையின் முதல் காட்சி. ரட்டர்கள் காலத்தில் தொடங்கினால் கன்னட அரசர்கள் முதலில் வருவார்கள். 1818இல் தொடங்கினால் பேஷ்வாவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது முதல் வரி. அதற்கு முன் மராட்டியர் ஆட்சி என்பது சொல்லாமலே புரியும். பக்கம் சாராத தொடக்கம் என்று ஒன்று கிடையாது. ஒன்றைத் தேர்ந்து, ஏன் தேர்ந்தோம் என்று ஒரு வரி எழுதுவதுதான் நேர்மை. நான் 1818ஐ எடுத்தேன். ஊர், தாலுகா, மாவட்டம் என்ற நிர்வாகத் தாள்கள் தொடர்ச்சியாகக் கிடைப்பது அதற்குப் பிறகுதான் என்று காரணமும் போட்டேன்.

பெயர்த் தாள்: ஒரு வரி எழுதும் முன்னே

நீள நோட்டு ஒன்றில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். நான்கு பத்தி கோடு போடுங்கள். பெயர், அதைச் சொல்பவர் யார், எப்போதிலிருந்து எப்போது வரை, நாம் அச்சிடப்போவது எது. இந்தப் பக்கம் நிறையும்வரை காலவரிசையில் கை வைக்க வேண்டாம். பாதி எழுதிய பிறகு பெயரை மாற்றத் தொடங்கினால் எங்காவது ஒன்று தப்பி நிற்கும்.

என் தாளின் முதல் வரிசை இப்படிப் போனது. பழைய கல்வெட்டுகளில் வேணுகிராமம், அதாவது மூங்கில் ஊர். ஆங்கிலேயர் எழுதியது பெல்காம். 2014 அக்டோபர் கடைசி வரை அரசாங்கப் பெயரும் அதுவே. கன்னடத்தில் பெளகாவி. 2014 நவம்பர் 1 முதல், பெங்களூரு, மைசூரு ஆகியவற்றோடு சேர்த்து, அதுவே அரசாங்கப் பெயர். மராத்தியில் பேள்காவ்.

இங்கே தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்னடத்திலும் மராத்தியிலும் இந்த ஊர்ப்பெயரில் இருப்பது ள. ஆங்கிலத்தில் அந்த எழுத்து இல்லாததால் ல ஆனது. நாம் ஆங்கிலத்தைப் பார்த்து 'பெலகாவி' என்று எழுதுகிறோம், பத்திரிகைகளிலும் அப்படி வருகிறது. நம் எழுத்தில் ள இருக்கும்போது ஏன் விட வேண்டும்? ஊர்க்காரர்கள் இருவரும் ஒத்துப்போகிற ஓர் ஒலி இது, அதைத் தமிழால் சரியாகவே எழுத முடியும்.

எதை அச்சிடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் விதி எளிது. வரியில் இருக்கும் தேதியன்று அரசாங்கத் தாளில் என்ன பெயரோ, அந்த வரியில் அதுவே. முதல் முறை வரும்போது மட்டும் "இன்றைய பெளகாவி" என்று கூடவே சொல்லிவிட வேண்டும். 1924 காங்கிரஸ் மாநாடு பெல்காமில். 2022 சட்டமன்றத் தீர்மானம் பெளகாவி பற்றி. ஒருவர் பேசியதை மேற்கோளாக எடுத்தால் அவர் வாயில் வந்த பெயரை மாற்றக் கூடாது.

மாநிலப் பெயரில் இன்னும் கவனம் தேவை. 1956க்கு முன் இந்த மாவட்டம் பம்பாய் மாகாணம், பிறகு பம்பாய் மாநிலம். மகாராஷ்டிரம் பிறந்ததே 1960 மே 1 அன்று. ஆகவே "1956இல் மகாராஷ்டிரத்திடமிருந்து" என்று எழுதவே முடியாது. பழைய ஆங்கில எழுத்தில் 'கர்நாட்டிக்' என்று பார்த்தால் உடனே கர்நாடகம் என்று எழுதிவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்கள் நடந்தது பெரும்பாலும் ஆற்காட்டைச் சுற்றி, நம் தமிழ் மண்ணில். வட்டாரப் பெயரும் மாறியிருக்கிறது: 'பம்பாய் கர்நாடகம்' என்று வழங்கிய பகுதிக்கு 2021 நவம்பரில் கர்நாடக அரசு 'கித்தூர் கர்நாடகம்' என்று பெயர் வைத்தது. மராத்திக்காரர்கள் அதே பகுதியில் தாங்கள் கேட்கும் ஊர்களை 'சீமாபாக்' என்பார்கள், எல்லைப் பகுதி என்று பொருள். அரசியல் மேடையில் அது 'கர்நாடகம் ஆக்கிரமித்த பகுதி' என்றும் ஆகும். இந்தக் கடைசி வகைப் பெயர்களை நம் குரலில் எழுதக் கூடாது. யார், எந்த நாளில் சொன்னார் என்பதோடு சேர்த்து வந்தால் அதுவும் ஒரு வரலாற்றுச் செய்திதான்.

நாளுக்கும் பெயர் உண்டு. நவம்பர் 1 பெங்களூரில் கன்னட ராஜ்யோத்சவம், அதாவது மாநில நாள் விழா; தெருவுக்குத் தெரு மஞ்சள் சிவப்புக் கொடி. அதே நாளை பெளகாவியில், ஊரை மகாராஷ்டிரத்தோடு சேர்க்கக் கேட்கும் மகாராஷ்டிர ஏகீகரண் சமிதி கறுப்பு தினமாக அனுசரிக்கிறது. இரண்டையும் எழுதுங்கள். 'ஏகீகரண்' என்ற அந்தச் சொல்லையும் பெயர்த் தாளில் ஏற்றுங்கள். கன்னடர் ஒன்றுபடுவதற்கு நடத்திய இயக்கத்தின் பெயரும் ஏகீகரணம்தான். சொல் ஒன்று, இழுக்கும் திசை இரண்டு. 'ஒருங்கிணைப்பு இயக்கம்' என்று மொட்டையாகத் தமிழில் எழுதினால் எது என்று யாருக்கும் புரியாது.

நம் பெங்களூர்த் தமிழருக்கு இது புரியாத விஷயமே இல்லை. கண்டோன்மென்ட்டை நாம் இன்றும் 'தண்டு' என்கிறோம். சிவாஜிநகரைப் பழைய ஆட்கள் பிளாக்பள்ளி என்றார்கள். பெயர் மாறிய ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஆதாரம்: எந்தக் கேள்விக்கு எந்தத் தாள்

நல்ல ஆதாரம், கெட்ட ஆதாரம் என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொரு தாளும் ஒரு கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும், இன்னொரு கேள்விக்கு ஏமாற்றும்.

"என்ன மாறியது, எந்தத் தேதியில்" என்பதற்குச் சட்டத்தையே படியுங்கள். மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம், 1956 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. புதிய மைசூர் மாநிலத்தில் எவை சேரும் என்ற பிரிவைத் திறந்தால் "பெல்காம் மாவட்டம், சந்த்கட் தாலுகா நீங்கலாக" என்று இருக்கும். நான் பார்த்த எத்தனையோ சுருக்கங்களில் இந்த 'நீங்கலாக' காணவில்லை. சந்த்கட் பம்பாயிலேயே நின்றது. இன்று கோலாப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது.

இந்தச் சின்னச் சொல்லை விட்டால் மக்கள்தொகைக் கணக்கில் போய் மாட்டிக்கொள்வீர்கள். 1951 கணக்கில் பெல்காம் மாவட்டத்துக்குள் சந்த்கட் உண்டு. 1961 கணக்கில் இல்லை. இரண்டு ஆண்டின் தாய்மொழி எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு குடும்பம்கூட இடம் பெயராமலே மராத்தி விகிதம் குறைந்தது போலத் தெரியும். அதை எடுத்து ஒருவர் "பார்த்தீர்களா, விரட்டிவிட்டார்கள்" என்பார். இன்னொருவர் "எப்போதுமே குறைவுதான்" என்பார். எண்ணை எழுதும் முன் அந்த ஆண்டு அந்த மாவட்டத்தின் எல்லை எது என்று பாருங்கள். தாலுகா வாரியாக எடுத்துக் கூட்டினால்தான் ஒப்பிட முடியும்.

"ஏன் அப்படி முடிவு செய்தார்கள்" என்பதற்கு ஆணைய அறிக்கைகள். பசல் அலி தலைமையில் குன்ஸ்ருவும் கே.எம். பணிக்கரும் இருந்த மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தது. விடுதலைப் போராட்ட வீரர் சேனாபதி பாபட்டின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு, 1966 அக்டோபரில், உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி மெஹர் சந்த் மகாஜனைக் கொண்டு ஓர் ஆணையம் அமைந்தது. 1967 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பெல்காம் நகரம் மைசூரிலேயே இருக்கட்டும் என்றது அது. நிப்பாணி, கானாப்பூர், நந்தகட் உட்பட சில பகுதிகளை மகாராஷ்டிரத்துக்குத் தரச் சொன்னது. மகாராஷ்டிரம் அதை ஏற்கவில்லை. கர்நாடகம் அதையே இறுதி என்கிறது.

இந்த அறிக்கையைச் செய்தித்தாள் வழியாக மட்டும் படித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 247 கிராமங்கள் என்று ஓர் எண் அடிக்கடி வரும். ஒரு செய்தியில் அது மகாராஷ்டிரத்திலிருந்து இந்தப் பக்கம் வர வேண்டிய கிராமங்கள். இன்னொரு செய்தியில் இந்தப் பக்கமே தங்க வேண்டிய கிராமங்கள். எண் ஒன்றுதான், பொருள் தலைகீழ். ஒருவர் தப்பாகச் சுருக்க, அடுத்தவர் அதைப் பார்த்து எழுத, அது அப்படியே ஊர் சுற்றுகிறது. மகாராஷ்டிரம் கேட்கும் கிராமங்களும் ஓர் இடத்தில் 814, ஓர் இடத்தில் 865. 814 என்பது பழைய கோரிக்கையோடு வருகிற எண், 865 என்பது 2022 டிசம்பர் 27 தீர்மானத்தில் உள்ள எண். எண்ணோடு ஆண்டையும் ஆவணத்தையும் கட்டி வைக்காவிட்டால் நீங்களும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆவீர்கள். மூலத்தைப் பார்க்கும்வரை அந்த வரியைக் காலியாக விடுங்கள்.

பழைய நிர்வாகச் செய்திக்கு 1884இல் வெளிவந்த பம்பாய் மாகாண கெசட்டியரின் (மாவட்ட விவரத் தொகுப்பின்) 21ஆம் தொகுதி, பெல்காம் மாவட்டத்துக்கென்றே எழுதியது. எத்தனை தாலுகா, என்ன விளைச்சல், எந்தச் சந்தை என்பதற்கெல்லாம் அது தங்கம். ஆனால் எழுதியது ஆண்டவர்கள். 1824 அக்டோபர் 23 அன்று கித்தூரில் ராணி சென்னம்மாவின் படை கம்பெனியை எதிர்த்தது, அதிகாரி தாக்கரே இறந்தார். ஆங்கிலேயர் கண்ணில் அது கலகம். கர்நாடகத்தில் இன்று அது விடுதலைப் போரின் தொடக்கம். தேதிக்கு கெசட்டியர் போதும். சூட்டும் பெயருக்குப் போதாது. "கித்தூர் படைக்கும் கம்பெனிப் படைக்கும் சண்டை" என்று எழுதினால் யாருக்கும் குறையில்லை.

கல்வெட்டு வரை போகிறவர்களுக்கு ஒரு சொல். சக ஆண்டோடு 78 கூட்டினால் பொது ஆண்டு என்பது தோராயம்தான். கல்வெட்டில் அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயரும் இருந்தால் அதையும் ஒத்துப் பாருங்கள். ஓர் ஆண்டு முன்பின் போவது சாதாரணம்.

எங்கே தேடுவது? பெங்களூரில் இருப்பவர்களுக்கு விதான சௌதாவில் மாநில ஆவணக் காப்பகம், கப்பன் பூங்காவின் சிவப்புக் கட்டடத்தில் மாநில மத்திய நூலகம், நிருபதுங்கா சாலையில், 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி. முதல் நாளே அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து, நம் மொழியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் ஒன்று. 1956க்கு முந்தைய பெல்காம் கோப்புகளை இங்கே தேடி அலைய வேண்டாம். பம்பாய் அரசின் கோப்புகள் மும்பையில், எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள மகாராஷ்டிர ஆவணக் காப்பகத்தில்தான். இங்கே இருப்பது பெரும்பாலும் மைசூர் அரசின் கோப்பு. பக்கத்தில் கிடைக்கும் தாளை மட்டும் வைத்து எழுதினால் நம் காலவரிசை நாம் வாழும் மாநிலத்தின் பக்கம் தானாகவே சாயும். மும்பைத் தமிழர் ஒருவர் எழுதினால் அந்தப் பக்கம் சாயும். ஆகவே அங்கே ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்வது இந்த வேலையின் ஒரு பகுதி.

பத்திரிகைக்கு என் விதி: ஒரு கன்னட இதழ் என்றால் ஒரு மராத்தி இதழ். ஒரே நாள், ஒரே சம்பவம். இரண்டும் ஒத்துப்போவது நம் வரி. மோதுவது, இரு பக்கத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டிய வரி.

எதை விடுகிறோம்

1924 டிசம்பரில் காந்தி தலைமை ஏற்ற காங்கிரஸ் மாநாடு பெல்காமில் நடந்தது. அப்போது அதே ஊரில் கர்நாடக ஏகீகரண மாநாடும் கூடியது. 1946 மே மாதம் அதே பெல்காமில் மராத்தி இலக்கிய மாநாடு, அதில் ஐக்கிய மகாராஷ்டிரத் தீர்மானம். கன்னடப் பக்கம் எழுதிய காலவரிசைகளில் முதலாவது தடித்த எழுத்தில் இருக்கும், இரண்டாவது இருக்காது. மராத்திப் பக்கம் நேர் எதிர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியும் உண்மை, தாள் மட்டும் ஒருபக்கம்.

இதற்கு நான் செய்வது: இரு பக்கத்துக் காலவரிசைகளையும் எடுத்து, ஒன்றில் மட்டும் உள்ள வரிகளுக்குப் பென்சிலால் கோடு போடுவேன். அவைதான் நான் முதலில் தேடிச் சரிபார்க்கும் வரிகள். அப்படித்தான் 2022 டிசம்பர் தீர்மானமும் இரட்டையாக ஆனது. 22ஆம் தேதி கர்நாடகச் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது, 27ஆம் தேதி மகாராஷ்டிரம் ஒன்று போட்டது. முதலில் என் தாளில் ஒன்றுதான் இருந்தது.

வினைச்சொல்

பெயருக்காகச் சண்டை போட்டுவிட்டு வினைச்சொல்லில் கோட்டை விடுவோம். தமிழில் வினை ஒன்றே போதும், பக்கம் காட்டிவிடும். சேர்ந்தது, சேர்க்கப்பட்டது, பறிபோனது, மீண்டது, தக்கவைத்தோம், விட்டுக்கொடுத்தோம்.

உங்கள் காது சரியாக இருக்கிறதா என்று பார்க்க நம் கதையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 அன்று நம்மோடு 'இணைந்தது' என்போம். அதே சட்டத்தால் அதே நாளில் தேவிகுளமும் பீர்மேடும் 'பறிபோயின' என்போம். கோயமுத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் அன்றுதான் மைசூருக்கு வந்தது; அதற்கு நம்மில் ஒருவர் 'இழந்தோம்' என்பார், கொள்ளேகால்காரர் வேறு சொல்வார். திருத்தணி 1960இல் 'மீண்டது'. இந்த ஐந்து ஊருக்கும் ஒரே வினையைப் போட்டு எழுதிப் பாருங்கள். கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் அந்த டி.டி.பி. தம்பிக்கும் பைலஹொங்கல் நண்பருக்கும் நடுவில் இருப்பது.

அந்தத் தயக்கத்துக்காக உணர்ச்சியைத் துடைத்துவிட வேண்டியதில்லை. அதை அதற்குரியவர் பெயரில் எழுதுங்கள். நம் குரலில் வரும் வரிக்கு மட்டும் சட்டம் என்ன செய்ததோ அந்த வினை: மாற்றப்பட்டது. 'பட்டது' என்றால் செய்தவர் மறைந்துவிடுவார் என்பதால், யார் என்பதையும் முன்னால் வைத்துவிடுங்கள். இறந்தவர்கள் பற்றி எழுதும்போது இன்னும் கவனம். 1956 ஜனவரியில் பெல்காமில் இறந்தவர்களை மராத்தி மக்கள் ஆண்டுதோறும் ஜனவரி 17 அன்று 'ஹுதாத்மா' (உயிர் நீத்த தியாகி) என்று வணங்குகிறார்கள். தியாகி என்றோ கலகக்காரர் என்றோ நாம் சூட்ட வேண்டாம். இறந்தார்கள், இன்னார் இன்னபடி நினைவுகூர்கிறார்கள் என்று எழுதினால் மரியாதையும் குறையாது, செய்தியும் குறையாது.

அச்சுக்கு முன்

ஒரு நிகழ்ச்சிக்குப் பல தேதி இருக்கும். மறுசீரமைப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் 1956 ஆகஸ்ட் 31, நடைமுறைக்கு வந்தது நவம்பர் 1. எதை எழுதுகிறீர்கள் என்று வரியிலேயே சொல்லுங்கள்.

முடியாத விஷயத்தை முடிந்தது போல எழுதாதீர்கள். 2004இல் மகாராஷ்டிரம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த வரியில் 'நிலுவையில்' என்று எழுதினால் பக்கத்தில் நீங்கள் சரிபார்த்த தேதியையும் போடுங்கள். தாளின் அடியில் திருத்திய தேதி கட்டாயம்.

அப்புறம் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். "சரியா?" என்று கேட்காதீர்கள், ஒப்புக்குத் தலையாட்டுவார்கள். "எந்த இடத்தில் மனசு சுருக்கென்றது?" என்று கேளுங்கள். சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டும் என்றில்லை. ஆதாரம் இருக்கும் வரியை ஒருவர் மனவருத்தத்துக்காக எடுக்கக் கூடாது. ஆனால் சுருக்கென்ற இடத்தில் ஒன்பதில் ஏழு முறை நம் சொல்தான் கோணலாக இருக்கும்.

என் வரி இப்போது இப்படி இருக்கிறது:

"1956 நவம்பர் 1: நாடாளுமன்றம் இயற்றிய மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டப்படி, பெல்காம் (இன்றைய பெளகாவி) மாவட்டம், சந்த்கட் தாலுகா நீங்கலாக, பம்பாய் மாநிலத்திலிருந்து மைசூர் மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. கர்நாடகத்தில் இந்த நாள் ராஜ்யோத்சவம். மகாராஷ்டிர ஏகீகரண் சமிதி கறுப்பு தினமாக அனுசரிக்கிறது."

நீளம்தான். டி.டி.பி. தம்பி எழுத்தளவை ஒரு புள்ளி குறைத்துப் பத்தியில் அடக்கிவிட்டார். அச்சானதும் ஒரு பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தாத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம்.